சதுரடி ரேட் சொல்லாத சங்கதிகள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோவையில் வீட்டு வேலைகளுக்கு மேற்பார்வை பார்த்துவரும் நம் ஆலோசகர் அம்மா. இந்த இதழில் ஊர் மாறி வரும் குடும்பங்களின் கடிதங்கள்.

கேள்வி: நாங்கள் புனேயில் இருக்கிறோம். நான், கணவர், எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், மாமியார். கணவருக்குக் கோவைக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. வரும் ஜூனில் பிள்ளைகளை அங்கே சேர்க்க வேண்டும். சிங்காநல்லூரிலிருந்து சூலூர் போகும் வழியில் ஐந்தரை சென்ட் மனை இருக்கிறது. கரிசல் மண். கீழும் மேலுமாக 2,200 சதுரடி கட்ட எண்ணம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம்: சதுரடிக்கு 2,150, 2,400, 2,850. முதல் ஆள் 'ஏழே மாதத்தில் சாவி' என்கிறார். முன்பணம் 30 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 30, கீழ்த்தளம் போட்டதும் 25, மீதி 15 கடைசியில். கணவரின் அண்ணன் 'அவரையே போடு, தெரிஞ்ச ஆள்' என்கிறார். யாரைப் போடுவது? ஜூனுக்குள் குடிபோக முடியுமா?
— எஸ்.ஆர்., புனே

பதில்: பள்ளிக்கூடத்தின் ஜூனையும் வீட்டின் ஜூனையும் முதலில் பிரித்துவிடுங்கள், அம்மணி. பிள்ளைகள் ஜூனில் கோவைக்கு வரட்டும், ஆனால் வாடகை வீட்டுக்கு வரட்டும். சொந்த வீட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று இப்போதே முடிவு செய்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இந்த அளவு வீட்டை ஒழுங்காகக் கட்டுகிற ஆளுக்குப் பத்து மாதம் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும். இப்போது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டால் கரிசலில் வெட்டிய குழியிலிருந்து தண்ணீர் இறைக்கவே தனி ஆள் வேண்டும். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போன பீகார் ஆட்கள் திரும்ப வாரக்கணக்காகும். அப்புறம் மார்கழி, அதில் யாரும் பூமி பூஜை போட மாட்டார்கள். தை பிறந்தால் பொங்கல் லீவு. ஏழு மாதக்காரருக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? உங்கள் வாயிலிருந்து 'ஜூன்' என்று வந்ததும் அங்கிருந்து பின்னோக்கி எண்ணிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவசரப்பட்டால் முதலில் அடிபடுவது, பார்வைக்கு வேலையே நடக்காதது போலத் தெரியும் நாட்கள்தான். தளம் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இப்போது பெரும்பாலும் பயன்படுவது பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட், வெயில் காலத்தில் அதற்கு 14 நாள் தண்ணீர் காட்டுவது நல்லது. தளத்தைத் தாங்கும் முட்டுகளுக்கும் கணக்கு இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்வது: தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள், பீமுக்கு அடியில் ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இந்த நாட்களில் சைட்டில் ஒரு ஆள் ஹோஸ் பைப்போடு நிற்பார், வேறு ஒன்றும் நடக்காது. ஏழு மாதக் கெடுவில் வேலை செய்கிறவருக்கு இந்த நாட்கள்தான் உறுத்தும். முட்டு சாமான் வாடகைக்கு எடுத்தது வேறு. ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

ஆகவே என் யோசனை: மனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாடகைக்கு வீடு பாருங்கள். ஜூனில் வாருங்கள். ஆடி கழியட்டும், ஆவணியில் பூஜை போடுங்கள். அடுத்த வைகாசியிலோ ஆவணியிலோ பால் காய்ச்சலாம். உங்கள் மாமியார் நடமாட்டத்தோடு இருக்கிறவர் என்றால் சாயங்காலம் காலாற நடந்து போய் மனையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும். ஒன்றும் கேட்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே மேஸ்திரி ஒரு மூட்டை சிமென்டைக் கூடப் போடச் சொல்வார். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. புனேயிலிருந்து வீடியோ காலில் பார்க்கும்போது கேமராவை எங்கே காட்டுவது என்று தீர்மானிப்பவர் கான்ட்ராக்டர்தான்.

சரி, ரேட்டுக்கு வருவோம். 2,200 சதுரடிக்கு முதல் ஆள் 47 லட்சத்து 30 ஆயிரம், இரண்டாமவர் 52 லட்சத்து 80 ஆயிரம், மூன்றாமவர் 62 லட்சத்து 70 ஆயிரம். நீங்கள் அனுப்பிய மூன்று கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் ஆளின் தாளில் காம்பவுண்ட் சுவர் இல்லை. தண்ணீர் சம்ப் இல்லை. செப்டிக் டேங்க் 'தனி'. மொட்டை மாடிக்குப் போகும் படியின் மேல் வரும் ஹெட்ரூம் 'தனி'. டைல்ஸ் 'நல்ல தரம்' என்று மட்டும் இருக்கிறது. சதுரடி எத்தனை ரூபாய் டைல்ஸ் என்று இல்லை. கம்பி 'ஸ்டாண்டர்டு கம்பெனி'. என் கணக்கில் விட்டுப்போன சாமான்களே குறைந்தது ஆறு லட்சத்துக்கு வரும். சேர்த்துப் பாருங்கள், இரண்டாமவரைவிட முதல் ஆள்தான் இப்போது விலை கூடியவர்.

இரண்டாமவர் தாள் பரவாயில்லை. கம்பி எந்த கிரேடு, எந்தெந்த இரண்டு கம்பெனி, கீழ்ச்சுவர் ஒன்பது அங்குலமா, வாசக்கால் என்ன மரம், சம்ப் எத்தனை லிட்டர், சுவிட்ச் எந்த பிராண்டு எல்லாம் எழுதியிருக்கிறார். டைல்ஸுக்கு அடிப்படை விலை 60 ரூபாய், அதற்கு மேல் நீங்கள் எடுத்தால் வித்தியாசத்தை நீங்கள் தர வேண்டும் என்றும் போட்டிருக்கிறார். இப்படி எழுதத் தெரிந்தவர் சண்டை எங்கே வரும் என்று அறிந்தவர். மூன்றாமவர் 2,850 கேட்பது அவருடைய அலுவலகத்துக்கும் முப்பரிமாணப் படத்துக்கும் சேர்த்து. படம் அழகாகத்தான் இருக்கிறது. படத்தில் குடியிருக்க முடியாது.

சதுரடியை எதை வைத்து அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கார் நிறுத்துமிடம், பால்கனி, ஹெட்ரூம் இவற்றை ஒருவர் பாதியாகக் கணக்கிடுவார், இன்னொருவர் முழுசாக. ரேட் குறைவாகச் சொல்லி அளவில் பிடித்துக்கொள்வது பழைய வித்தை.

இனி பணம். ரேட்டைவிட நான் அதிக நேரம் பார்த்தது அதைத்தான். முதல் ஆள் சொல்வதைக் கூட்டுங்கள்: 30, 30, 25. கீழ்த்தளம் போட்டு முடிக்கும்போது 85 சதவீதம் அவர் கையில். அப்போது வேலை பாதிகூட ஆகியிருக்காது. மேல்மாடிச் சுவர், இரண்டாவது தளம், பூச்சு, ஒயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு, பெயின்ட் எல்லாம் பாக்கி. உங்களிடம் மிச்சம் 15 சதவீதம். அந்த நாளிலிருந்து நீங்கள் போன் செய்தால் அவர் எடுக்க மாட்டார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. உங்கள் பணத்தில் வேறொருவர் வீட்டு பேஸ்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் பணம் வந்தால்தான் உங்கள் பூச்சு வேலைக்கு ஆள் வருவார்கள்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். ஒப்பந்தம் போடும்போது 5 சதவீதம், ஆள் இறங்கிக் கொட்டகை போட. பிறகு கடைக்கால், பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுவர்களைத் தாங்குவது), லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் பட்டை), தளம், மேல் தளம், பூச்சு, டைல்ஸ் என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அந்தக் கட்டத்துக்கு உரியது. பெயின்ட் வேலைக்கு முன் 15 சதவீதமாவது உங்கள் கையில் நிற்க வேண்டும். சாவி வாங்கிய பிறகும் 3 முதல் 5 சதவீதம் பிடித்துவைத்து ஒரு மழைக்காலம் கழிந்தபின் கொடுக்கிறேன் என்று எழுதுங்கள். முகம் சுளிப்பார்கள். அரசாங்க வேலையில் எந்தக் கான்ட்ராக்டருக்கும் இது புதிதில்லை. வங்கிக் கடன் எடுக்கிறீர்கள் என்றால் வங்கியும் கட்டம் கட்டமாகத்தான் பணம் விடும். ஆனால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சுவர் எழும்பியதா என்றுதான் பார்ப்பார், சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். 'பேங்க் இன்ஜினியரே ஓகே சொல்லிட்டார்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க முடிந்த வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். முடிந்த வீட்டில் புட்டியும் பெயின்ட்டும்தான் தெரியும். பாதி வேலையில் நிற்கும் சைட்டைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். முட்டு பிரித்த தளத்தின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். ஜல்லி வெளியே தெரிந்து ஓட்டை ஓட்டையாக இருந்தால், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக ஓடவில்லை. கம்பியே வெளியே தெரிந்தால் அங்கே கவர் பிளாக் வைக்கவில்லை; கம்பி பலகை மேல் படுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25, தூணுக்கு 40 கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும். அதற்கென்றே வார்த்த சின்னக் கட்டைகள் உண்டு. கம்பிக்கடியில் உடைந்த செங்கல்லையோ ஜல்லியையோ செருகியிருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். தூண்களைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். காய்ந்த சாக்கு வெறும் அலங்காரம். கலவை போடும் இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கொட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று டிரம்மிலிருந்து இன்னொரு வாளித் தண்ணீர் விடுகிறார்களா? சைட்டில் சூப்பர்வைசர் இருந்தும் அதை அனுமதிக்கிறார் என்றால் அவர் சம்பளத்தை வேறு யாராவது கொடுக்கட்டும்.

இன்னொரு இடத்துக்கும் போங்கள்: அந்த ஏரியா ஹார்டுவேர் கடை. பெயரைச் சொல்லி 'இவர் எப்படிங்க?' என்று கேளுங்கள். கடைக்காரர் நல்லது கெட்டது சொல்ல மாட்டார். ஆனால் 'கணக்கு நேர் பண்ணிடுவார்' என்பாரா, ஒரு சிரிப்பு சிரிப்பாரா என்பதிலேயே தெரிந்துபோகும். வாட்ச்மேன் குடும்பத்திடம் பேச்சோடு பேச்சாகச் சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே வருகிறதா என்று கேளுங்கள். சித்தாளுக்குக் கூலி பாக்கி வைக்கிறவர் உங்களுக்கு வேலையை பாக்கி வைப்பார்.

மண்ணை மறந்துவிடாதீர்கள். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிக் குழிதான் என்று உங்களுக்கும் அஞ்சடிக் குழி வெட்டினால் மூன்றாம் வருஷம் சன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. அறிக்கையைப் பார்த்துவிட்டு, அடியில் குமிழ் விட்ட குட்டைப் பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) வேண்டுமா, குழி ஆழமாக வேண்டுமா, மண் மாற்றுதல் போதுமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். உங்களுடையது இரண்டு மாடிதான், அப்படி விழாது. ஆனால் 'மண்ணைப் பற்றிக் கவலைப்படாதீங்க' என்று சொல்கிற கான்ட்ராக்டரைப் பற்றிக் கவலைப்படுங்கள். மூன்று பேரில் மண் பரிசோதனையைக் கொட்டேஷனில் எழுதியவர் இரண்டாமவர் மட்டும்தான்.

அனுமதி விஷயம் சுலபம். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுரடி வரையான மனையில் 3,500 சதுரடிக்குள் தரைத்தளமோ, அதோடு ஒரு மாடியோ கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி. ஐந்தரை சென்ட் என்பது 2,396 சதுரடி. நீங்கள் உள்ளே வருகிறீர்கள். இதன் மறுபக்கம், முன்கூட்டி யாரும் வந்து மனையைப் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால் பொறுப்பு உங்களுடையது, கான்ட்ராக்டருடையது இல்லை.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் காப்பாற்றும் என்று உங்கள் கணவர் எழுதியிருக்கிறார். அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்கிறவர்களுக்கு. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டும் கான்ட்ராக்டரை அது தொடாது. உங்களுக்கு இருப்பது ஒப்பந்தப் பத்திரமும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும். வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் மாநில ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே பேசுவது தாள்தான். வாய்ப்பேச்சில் பேசி ரொக்கத்தில் கொடுத்தவர்கள் அந்த வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

யாரைப் போடுவது என்றால், நான் இரண்டாமவரைப் போடுவேன், கட்டணக் கட்டங்களைத் திருத்த ஒத்துக்கொண்டால். மச்சினர் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி: 'உங்க ஆளு இந்த ரெண்டாவது தாளில் இருக்கிற எல்லா சாமானையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரேட் சொல்லட்டும்' என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். அனேகமாகக் கொடுக்க மாட்டார். பேச்சு தானாகவே நின்றுவிடும்.

கேள்வி: ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு வருகிறோம். மேடவாக்கம் பக்கம் 1,150 சதுரடி அடுக்குமாடி வீடு, 78 லட்சம். கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதமே 20 லட்சம் கட்டினால் கார் பார்க்கிங் இலவசம், ஒப்பந்தம் பிறகு என்கிறார் விற்பனைப் பையன். ரெரா எண் இருக்கிறது. அதுவே போதும்தானே?
— கே.வி., ஐதராபாத்

பதில்: எண் இருப்பது நல்லது. அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தீர்களா? தமிழ்நாடு ரெரா தளத்தில் அந்தக் கட்டடத்தின் பக்கத்தைத் திறந்தால் ஒப்புதல் வரைபடம், ஒவ்வொரு வீட்டின் கார்பெட் ஏரியா, கட்டி முடிக்க அவர்களே எழுதிக்கொடுத்த தேதி எல்லாம் இருக்கும். பையன் சொல்லும் தேதியும் அந்தத் தேதியும் ஒன்றுதானா பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். விளம்பரத்தில் 1,150, ரெரா பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு 812. கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், பால்கனி எல்லாம் கழித்து, உள்ளே நீங்கள் பாய் போட்டுப் படுக்கக்கூடிய இடம் (உள்தடுப்புச் சுவர் மட்டும் சேரும்). 78 லட்சத்தை 812-ஆல் வகுத்தால் சதுரடி 9,600 ரூபாயைத் தாண்டுகிறது. மற்ற வீடுகளோடு ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுரடி என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். வீடு பழசாகும், கடைசியில் மிஞ்சுவது அந்த நிலம்.

20 லட்சம் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டமே தடை சொல்கிறது. உங்களுக்கு அது 7 லட்சத்து 80 ஆயிரம். சட்டத்தை முதல் மாதத்திலேயே மீறச் சொல்கிறவர் கார் பார்க்கிங்கை மட்டும் சட்டப்படி தருவாரா? வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே பணத்தை அந்தக் கணக்குக்கே அனுப்புங்கள், பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேறு கணக்குக்கு வேண்டாம்.

மேல்செலவையும் இப்போதே எடுத்து வையுங்கள். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முழுதாக முடிந்து நிறைவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கு அது கிடையாது. 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டுநரிடம் முதன்முதலாக வாங்கும் அடுக்குமாடி வீட்டை நிலப்பங்கோடு சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 7 சதவீதம். உங்களுக்கு ஐந்தரை லட்சம் பக்கம். 50 லட்சத்தைத் தாண்டுவதால் விலையில் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இது பலருக்கும் தெரியாமல் போய்ப் பிறகு நோட்டீஸ் வருகிறது.

மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் 2015 வெள்ளத்தில் எப்படி இருந்தன என்று உங்களுக்கே நினைவிருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தண்ணீர் அங்கே போவதற்குக் காரணம் அது தாழ்வான இடம் என்பதே. சைட்டை வெயிலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போங்கள். கட்டடத்தை அல்ல, அதற்குப் போகும் தெருவைப் பாருங்கள். ஆட்டோக்காரரிடம் 'உள்ளே வருவீங்களா?' என்று கேளுங்கள்; அவர் மீட்டருக்கு மேல் எவ்வளவு கேட்கிறார் என்பதும் ஒரு தகவல்தான்.

குடிபோனபின் கட்டமைப்பில் குறை தெரிந்தால் ஐந்து வருஷம் வரை கட்டுநர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும், சொன்ன 30 நாளுக்குள். ஒப்பந்தத்தில் இதை ஒரு வருஷம் என்று சுருக்கி எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஓசூரிலிருந்து திருச்சிக்கே வந்து கட்டுகிறோம். கடைக்கால் முடிந்து பிளிந்த் பீம் வரை வந்தாச்சு. இப்போது மாமனார், சமையலறை அக்கினி மூலையில் இல்லை, மாற்று என்கிறார். பில்டர் ஒன்றே கால் லட்சம் கூடுதல் கேட்கிறார். நியாயமா?
— பி.எம்., திருச்சி

பதில்: எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. உங்கள் மாமனாருக்கு இருக்கிறது, அந்த வீட்டில் இருக்கப்போவது அவர், நான் இல்லை. ஆகவே மாற்றலாமா என்பதில் தலையிட மாட்டேன். தூண்களின் இடம் மாறாமல் சுவர் மட்டும் மாறினால் செலவு அதிகமில்லை; அந்தச் சுவருக்கடியில் ஒரு பீம், தண்ணீர் வரும் குழாய், கழிவுக் குழாய், அவ்வளவுதான். ஒன்றே கால் லட்சத்துக்கு எந்தெந்த வேலை, எவ்வளவு அளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்து எழுதும்போது தொகை இறங்கிவிடும், எனக்கு அனுபவம். அவரோடு இனி ஒரு விதி: எந்த மாற்றமும் தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தால்கூடப் பரவாயில்லை. 'அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கலாம் சார்' என்று தள்ளிப்போட்ட கணக்கு கடைசியில் எப்போதும் மூன்று மடங்காக வரும்.

மாமனாரையும் ஒருமுறை முழு வரைபடத்தோடு உட்கார வைத்துவிடுங்கள். பூஜை அறை, மாடிப்படி, செப்டிக் டேங்க், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் சம்மதம் வாங்கிவிட்டால் நல்லது. லிண்டல் மட்டத்தில் மறுபடி யாருக்காவது ஞானோதயம் வந்தால் பட்ஜெட் தாங்காது.

கேள்வி: மஸ்கட்டிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கே திரும்ப எண்ணம். புதுக்கோட்டையில் மனைவியின் தம்பி கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டுகிறார். அவருக்கே கொடுத்துவிடலாமா? பவர் பத்திரம் கேட்கிறார்.
— ஏ.ஜே., மஸ்கட்

பதில்: நல்ல வேலைக்காரர் என்றால் கொடுங்கள். ஆனால் பவரும் கான்ட்ராக்டும் ஒரே கையில் போகக்கூடாது. அவரே வேலை செய்து, அவரே சரி என்று சொல்லி, அவரே பணம் எடுத்துக்கொண்டால் நடுவில் கேள்வி கேட்க ஆள் இல்லை. கேள்வி கேட்க வேண்டியது நீங்கள், கேட்டால் வருத்தப்படப்போவது உங்கள் மனைவி.

பவரை உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கொடுங்கள். கட்டட அனுமதி, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, வங்கியில் கையெழுத்து இவற்றுக்கு மட்டும். விற்க, அடமானம் வைக்க அதிகாரம் அதில் ஒரு வரிகூட இருக்கக்கூடாது. மஸ்கட்டில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்கி அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

மச்சானோடு ஒப்பந்தம் எழுதுங்கள், மற்றவர்களோடு எழுதுவது போலவே. மாதம் இரண்டு முறை வந்து பார்த்து உங்களுக்கு எழுத ஒரு தனி இன்ஜினியரை வையுங்கள். 'வங்கிக்கு ரிப்போர்ட் வேணும்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஒவ்வொரு தளம் போடும்போதும் கான்கிரீட்டில் கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் சின்னக் கட்டி) எடுத்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் சோதித்து அந்த இன்ஜினியர் தாளை அனுப்பட்டும். மச்சானின் வேலை நன்றாக இருந்தால் அந்தத் தாள் அவருக்குத்தான் பெருமை.

கேள்வி: மும்பையை விட்டு நெல்லைக்கு வருகிறோம். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துப் பத்திரிகையும் அடித்தாச்சு. வேலை கொஞ்சம் பாக்கி. மீதி ஆறு லட்சத்தையும் கொடுத்தால்தான் சாவி என்கிறார் பில்டர்.
— எம்.எஸ்., மும்பை

பதில்: பத்திரிகை அடித்ததை அவருக்கு யார் சொன்னது? சரி, அடித்தாச்சு. பால் காய்ச்ச ஒரு அடுப்பும் ஒரு அறையும் போதும். அன்றைக்கு மட்டும் வீட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள், பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். எந்த பில்டரும் பூஜைக்கு மறுக்க மாட்டார். ஊரில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் இருக்கும். அதற்கு மூன்று லட்சம் கொடுக்கலாம். மீதி மூன்று லட்சம், பாக்கி வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, முடிந்தபின்.

பூஜைக்கு முந்தின நாளே ஒரு வாளியோடு வீட்டுக்குள் போங்கள். குளியலறைத் தரையின் மூலையில் ஊற்றுங்கள். தண்ணீர் ஓட்டை பக்கம் ஓட வேண்டும், கதவு பக்கம் வரக்கூடாது. மாடிக் குளியலறையின் வடிகாலைத் துணியால் அடைத்து, நாலு விரற்கடை தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் கீழ் அறைக் கூரையைப் பாருங்கள். மொட்டை மாடியிலும் தண்ணீர் விட்டு எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். எல்லா சுவிட்சையும் போட்டுப் பார்க்க ஒரு போன் சார்ஜர் போதும். மின் இணைப்பு இன்னும் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பாகவே இருந்தால் அதன் கட்டணம் கூடுதல். வீட்டு இணைப்பாக மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஒயரும் குழாயும் எந்தச் சுவருக்குள் எப்படிப் போகிறது என்று பூச்சுக்கு முன் எடுத்த படங்கள் பில்டர் போனில் இருக்கும். அவற்றைச் சாவிக்கு முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் போன் மாற்றிவிட்டேன் என்பார்.